மூடாமல் விட்ட முனை

கருப்புத் திரையில் ஒரு சிறிய வெள்ளைக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. என் புரோகிராம் ஓடத் தொடங்கியதோடு சரி, திரும்பி வரவில்லை. தப்பு என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு வரி திட்டிவிட்டு நின்றிருந்தால், எந்த இடத்தில் தவறு என்று தேடியிருப்பேன். இது எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மேசைக்குக் கீழே என் வலது கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்ண்ணா, கால ஆட்டாதீங்க. என்ற மானிட்டரும் சேந்து ஆடுது" என்றார் பக்கத்து மெஷினில் இருந்த பெண்.

அவர் நெய்க்காரப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். முப்பது வயது இருக்கும். அங்கே ஒரு தேங்காய் மண்டி அலுவலகத்தில் வேலை. என்னைவிட வேகமாகத் தட்டுவார், என்னைவிட அதிகமாகப் பேசுவார். வகுப்பில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

"ஓடுதுங்களா?"

"ஓடுது."

"எங்கீங்க ஓடுது? நின்னுட்டல்ல இருக்குது."

கண்ட்ரோல் விசையையும் சி எழுத்தையும் சேர்த்து அழுத்தினேன். புரோகிராம் செத்தது. மறுபடி ஓட்டினேன். மறுபடி அதே வெள்ளைக் கோடு. ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டைப் பாறை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. எங்கள் பிரியாணிக் கடையில் இந்நேரம் இரண்டாவது தேக்சாப் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். வகுப்பில் இருக்கும்போது கடையையும், கடையில் இருக்கும்போது வகுப்பையும் நினைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. இரண்டு இடத்திலும் நான் முழுதாக இல்லை.

கடை பேகம்பூரில் இருக்கிறது. அண்ணனுடைய பிரியாணிக் கடை. உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிற பக்கத்தை அண்ணன் பார்த்துக்கொள்வார். பார்சல் ஜன்னல் என்னுடையது. இலையை விரித்து, சோறும் கறியும் வைத்து, மடித்து, பேப்பர் சுற்றி, தால்சாவும் வெங்காயப் பச்சடியும் சேர்த்துக் கையில் கொடுக்க வேண்டும். பேச வேண்டிய அவசியம் அதிகம் இல்லாத வேலை. வாங்குகிறவர்களே பேசிக்கொள்வார்கள். அதனால்தான் இத்தனை வருடம் அந்த ஜன்னலில் என்னால் நிற்க முடிந்தது.

நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு வரை. பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்திருந்தேன். ஒரு மெஷினுக்கு முன்னால் ஐந்தாறு பேர் நெருக்கிக்கொண்டு நிற்போம். நான் கடைசியில் நிற்பேன். "செத்த தள்ளுங்கடா" என்று சொல்ல வாய் வராததால், கீபோர்டு என் கைக்கு வராமலே அந்த இரண்டு வருடமும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அத்தா மவுத்தானார். அவர் போன பிறகு அண்ணனோடு கடையில் நின்றேன். கல்யாணம், பிள்ளைகள் என்று நாற்பதுகளின் நடுவுக்கு வந்துவிட்டேன்.

தொலைநிலைக் கல்வியில் பி.சி.ஏ. சேர வயது ஒரு தடையில்லை என்று பார்சலுக்குக் காத்திருந்த இரண்டு பேர் ஒரு மதியம் பேசிக்கொண்டார்கள். இலை மடித்தபடியே கேட்டேன். அன்று முழுவதும் அந்தப் பேச்சு மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "சேருங்க. ஆனா அங்க போயி வாயத் தொறக்கணும்ல" என்றாள்.

அண்ணனிடம் சொல்வதுதான் பாடாக இருந்தது. செய்முறை வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. பழனி ரோட்டில் இருக்கும் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபை அந்த நேரத்துக்கு எங்களுக்குத் தருவார்கள். ஒன்றரைக்குக் கிளம்பினால்தான் போய்ச் சேர முடியும்.

"ஏலே, பிரியாணிக் கடையில இருந்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை லீவு கேக்குற மொத ஆளு நீதாம்ப்பு" என்றார் அண்ணன்.

"லீவு இல்லண்ணே. ஒன்றரைக்குப் போயிட்டு ஏழு மணிக்குள்ள வந்துருவேன்."

"அந்த ஒன்றரைதான்லே நேரமே. மத்த நேரத்துல நீ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

திட்டிவிட்டு ஒத்துக்கொண்டார். முதல் வருடப் பாடங்கள் எப்படியோ கடந்தன. சிஸ்டம்ஸ் புரோகிராமிங் என்ற பாடம் வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். செய்முறைத் தேர்வில் புரோகிராமும் ஓடியது. அதற்குப் பின் வாய்மொழித் தேர்வு. எதிரில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, புரோகிராமுக்கும் பிராசஸுக்கும் என்ன வித்தியாசம் என்பது. எழுதி வைத்திருக்கிற கட்டளைகள் புரோகிராம், அது ஓடிக்கொண்டிருக்கும்போது பிராசஸ். இது எனக்குத் தெரியும். நெஞ்சு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவர் இன்னும் சில கேள்விகள் கேட்டுப் பார்த்தார். நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளில் என்னவோ எழுதினார். ஃபெயில்.

"தெரியாம ஃபெயிலானா சரி. தெரிஞ்சும் பேசாம ஃபெயிலாகுறதுக்கு எதுக்குலே பஸ்ஸுக்குக் காசு? இன்னொரு வாட்டி பாரு. அதுலயும் இப்புடித்தான்னா படிப்ப விட்டுட்டு ஞாயித்துக்கிழமை ஜன்னலுக்கு வந்துரு" என்றார் அண்ணன்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. சரி என்றேன். அடுத்த தொகுதி மாணவர்களோடு மறுபடி அதே லேபில் போய் உட்கார்ந்தேன்.

பாடம் எடுத்தவர் கௌரவ விரிவுரையாளராக இருந்த இளம்பெண். என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதில் அவருக்கு ஒரு தடுமாற்றம் இருந்தது. "தம்பி" என்று மற்றவர்களை அழைத்து வந்த வேகத்தில் என் அருகே வந்ததும் நின்றுவிடுவார். கடைசியில் "பாய்" என்றே கூப்பிட ஆரம்பித்தார். எனக்கும் அது சுலபமாக இருந்தது.

அவர் ஒருநாள், போன முறை நான் புரியாமல் மனப்பாடம் செய்திருந்த ஃபோர்க் என்ற கட்டளையை நடத்தினார். ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பிராசஸ் அந்த வரிக்கு வந்ததும் இரண்டாகிவிடும். ஒன்று அப்பன், இன்னொன்று பிள்ளை. இரண்டும் ஒரே புரோகிராமை அதே இடத்திலிருந்து தொடர்ந்து ஓட்டும். அப்பன் கையில் திறந்திருந்ததெல்லாம் பிள்ளை கையிலும் திறந்திருக்கும். எக்ஸெக் என்று இன்னொன்று உண்டு. அதைக் கூப்பிட்டால் அந்தப் பிராசஸ் தன் புரோகிராமை அப்படியே உதறிவிட்டு வேறு புரோகிராமாக மாறிவிடும்.

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போதும் மனம் அதிலேயே இருந்தது. ஒரே வரியில் இரண்டாகி, இரண்டும் தன்னைத்தான் உண்மை என்று நினைத்துக்கொண்டு ஓடுவது என்னை ஏதோ செய்தது. பேகம்பூரில் இறங்கியும் நேராகக் கடைக்குப் போகாமல், பள்ளிவாசலைச் சுற்றிக்கொண்டு ஒரு நடை நடந்துவிட்டுத்தான் போனேன்.

அடுத்து வந்ததுதான் பைப். இரண்டு பிராசஸுக்கு நடுவே ஒரு குழாய். ஒரு முனையில் ஒருவன் எழுதுவான், மறுமுனையில் இன்னொருவன் வாசிப்பான். எங்களுக்குக் கொடுத்த பயிற்சி இதுதான்: அப்பன் இரண்டு பிள்ளைகளை உண்டாக்க வேண்டும். முதல் பிள்ளை எக்ஸெக்கால் வேறு புரோகிராமாக மாறி, ஃபைல்களின் பெயர்களைக் குழாயில் எழுத வேண்டும். இரண்டாம் பிள்ளையும் அப்படியே மாறி, அதை வாசித்து எத்தனை வரி என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரும் முடிக்கும்வரை அப்பன் காத்திருக்க வேண்டும்.

இதில்தான் என் புரோகிராம் திரும்பி வராமல் நின்றது. முதல் பிள்ளை தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது. இரண்டாம் பிள்ளை எண்ணிக்கையைச் சொல்லவே இல்லை.

தேங்காய் மண்டிப் பெண் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் திரையைப் பார்த்தார். "மேடம் போர்டுல எழுதுன வரியெல்லாம் இருக்குதுங்களே. குளோசு இருக்குது, வெயிட்டு இருக்குது. அப்புறம் ஏனுங்க நிக்குது?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. குழாயின் முனைகளை மூடுகிற வரிகள் ஒன்றுகூட விடுபடவில்லை. ஆனால் அவற்றை நான் இடம் மாற்றி எழுதியிருந்தேன். மேடம் அவற்றை நடுவில் எழுதியிருந்தார். அது எனக்கு என்னவோ அவசரமாகப் பட்டது. எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில், ஒழுங்காக எல்லா முனைகளையும் மூடியிருந்தேன்.

அதற்குக் காரணம் எங்கள் கடைப் பழக்கம் என்பது பிறகுதான் புரிந்தது. வியாபாரம் நடக்கும்போது எதையும் மூடுவது அண்ணனுக்கு ஆகாது. ஷட்டரை அரை அடி இறக்கினால்கூடச் சத்தம் போடுவார். ஆள் நிற்கும்போது தால்சா வாளிக்கு மூடி போடக் கூடாது. மூடுவதெல்லாம் கடைசி ஆள் போன பிறகு. அப்படியே வளர்ந்த கை, புரோகிராமிலும் மூடுவதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டது.

அன்றையதையும் சேர்த்துத் தேர்வுக்கு இரண்டு வகுப்புகள்தான் இருந்தன. மேடத்திடம் கேட்டிருக்கலாம். அவர் இரண்டு முறை என் பின்னால் வந்து நின்றார். "பாய், டவுட் இருக்கா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் போனதும் கால் மறுபடி ஆடத் தொடங்கியது.

அந்த வாரம் முழுவதும் வேலை ஓடவில்லை. ஒருவர் கறியில்லாத குஸ்கா கேட்டதற்குக் கறி வைத்துக் கொடுத்தேன். இன்னொருவருக்குத் தால்சா வைக்கவே மறந்தேன். "பாய்க்கு யாரு மேலயோ காதலு" என்றான் டேபிள் துடைக்கிறவன். அண்ணன் திரும்பிப் பார்த்ததோடு சரி. அவர் திட்டாததும் எனக்கு இடைஞ்சலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு வந்தது. அன்றைக்கு நடந்ததைச் சொல்ல, எங்கள் கடையில் ஒரு சொல்லை எப்படிப் பயன்படுத்துவோம் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் சாப்பாடு தீர்ந்துபோனால் "இல்லை" என்றோ "முடிஞ்சிருச்சு" என்றோ சொல்ல மாட்டோம். "பரக்கத்து" என்போம். நிறைவாக இருக்கிறது என்ற அர்த்தத்தில் வருகிற சொல். கடையில் அது, இருக்கிறதே போதும், இனிப் போட வேண்டாம் என்ற தகவலும் ஆகிவிட்டது. மூன்றாவது தேக்சாவைப் போடுவதா வேண்டாமா என்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுகிற கேள்வி. பிரியாணி போடுகிற சமையல்காரரைப் பண்டாரி என்போம். அவர் சீரகச் சம்பாவை ஊறவைத்து, உலையைக் கொதிக்கவிட்டுத் தயாராக இருப்பார். சாப்பிடுகிற பக்கத்திலிருந்து "பரக்கத்து" என்று குரல் வரவேண்டும், பார்சல் பக்கத்திலிருந்தும் வரவேண்டும். இரண்டும் வந்தால் அடுப்பை நிறுத்துவார். ஒன்று வராவிட்டாலும் காத்திருப்பார். அவர் முன்பக்கம் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் வாயிலிருந்து வருவதுதான் அவருக்குக் கணக்கு.

அன்று பார்சல் கூட்டம் சீக்கிரமே வடிந்துவிட்டது. ஒன்றேகாலுக்கே ஜன்னலில் ஆள் இல்லை. அண்ணன் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும் என்ற நினைப்பில், கையைக் கழுவிக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாக வெளியே வந்துவிட்டேன். வழக்கமாக அண்ணனிடமோ பண்டாரியிடமோ சொல்லிவிட்டுக் கிளம்புகிறவன், அன்று யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. லேபில் போய் அதே புரோகிராமை நான்கு மணி நேரம் மாற்றி மாற்றி எழுதினேன். அது அதே மாதிரி நின்றது.

ஏழு மணிக்குக் கடைக்குத் திரும்பியபோது அண்ணன் இல்லை. மதியமே ஒரு நிக்காஹ்வுக்குப் போய்விட்டாராம். பின்பக்கத்தில் பண்டாரி ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். எதிரில் ஊறிய அரிசி, கூடையோடு இருந்தது. தொட்டால் உடைகிற பதத்துக்கு வந்திருந்தது.

"எங்க தம்பி போன?"

"வகுப்புக்கு பாய்."

"அது தெரியும். சொல்லிட்டுப் போனியா?"

அரிசிக் கூடையை ஓரமாக நகர்த்தினேன்.

"ஒங்கண்ணன் ரெண்டு மணிக்கே பரக்கத்துன்டு சொல்லிட்டு வண்டியில ஏறிட்டாரு. நீ சொல்லல. பார்சலுக்குப் பெரிய ஆர்டரு எதும் வரும்போலன்டு நான் ஒலைய எறக்கல. அசர் தொழுகை வரைக்கும் இங்ஙனக்குள்ளதான் கெடந்தேன். சோறுகூட திங்கல."

"யாராச்சும் வந்து பாத்திருக்கலாம்ல பாய்" என்றேன். சொன்னதும் எனக்கே அது அசிங்கமாக இருந்தது.

"என்னத்தப் பாக்க? சன்னல் தொறந்துல்ல கெடந்துச்சு. தொறந்து கெடந்தா ஆளு இருக்காருன்டுதான் நெனப்பேன். மூடிட்டாவது போயிருக்கணும்ல."

அவருக்குத் தட்டில் சோறு வைத்துக் கொடுத்தேன். இரவுக்கு இறக்கிய புதுச் சோறு. அவர் கோபம் இறங்காமலே சாப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சன்னல் தொறந்துல்ல கெடந்துச்சு என்றது காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. திடீரென்று அது என் புரோகிராமைப் பற்றிய பேச்சாக ஆகிவிட்டது.

இரண்டாம் பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கிறது. குழாயில் இருந்ததெல்லாம் வந்துவிட்டது. இனி வராது என்று அதற்கு யார் சொல்வது? எழுதும் முனை எத்தனை பேர் கையில் திறந்திருக்கிறதோ அத்தனை பேரும் மூடினால்தான் அதற்குத் தெரியும். முதல் பிள்ளை முடித்துவிட்டுப் போனதில் அதன் கையிலிருந்தது மூடிவிட்டது. ஆனால் அப்பன் கையிலும் ஒரு முனை இருக்கிறது. அப்பன் அதைக் கடைசியில் மூடலாம் என்று வைத்துக்கொண்டு, பிள்ளை முடிக்கட்டும் என்று காத்திருக்கிறான். பிள்ளை, அப்பன் மூடட்டும் என்று காத்திருக்கிறது. இரண்டு பேருமே நல்லவர்கள்தான். கண்ட்ரோல் சி அடிக்கும்வரை அப்படியே இருப்பார்கள்.

தெரிந்துவிட்டது. ஆனால் சோதித்துப் பார்க்க வீட்டில் மெஷின் இல்லை. என் போனைவிடத் திரை பெரிது என்று மகளின் போனை வாங்கி அதில் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் அடைப்புக்குறிக்கும் கீபோர்டை வேறு வேறு பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. பாதியில் அவள் வந்து போனைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன். எஞ்சிய நாள்களில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மனைவி பார்த்துவிட்டு, "அந்த மிக்ஸிய ரிப்பேருக்குக் கொடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். சும்மா நடக்குறதுக்கு அதத் தூக்கிட்டு நடங்க" என்றாள். மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பழுது என்ன என்று கேட்டார். "ஓடுது, நின்னுருது" என்றேன்.

தேர்வு நாளும் ஞாயிறுதான். இம்முறை காலையிலேயே போக வேண்டியிருந்தது. அண்ணன் கடை வாசலில் கறி வண்டியிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குத்தானே?"

"ஆமாண்ணே."

"பேசு" என்றார். அதற்கு மேல் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

கேள்வித்தாளில் இரண்டு பகுதிகள். இரண்டாவது எல்லோருக்கும் பொது: பைப். தேங்காய் மண்டிப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். எழுதினேன். அப்பனுடைய முனைகளை மூடுகிற வரிகளைக் காத்திருக்கும் வரிக்கு மேலே கொண்டுவந்தேன். ஓட்டினேன்.

வெள்ளைக் கோடு மின்னியது. திரும்பி வரவில்லை.

வாரம் முழுக்கச் சுமந்து வந்த பதில் அது. வேறு பதில் என்னிடம் இல்லை. மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது. அந்த நேரம் பார்த்து வெளித் தேர்வாளர் என் வரிசைக்கு வந்தார். வேறு ஊர்க்காரர், என் வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருந்தது. எங்கள் மேடம் அவருக்குப் பின்னால் நின்றார்.

"என்ன, நின்னுருச்சா?" என்றார் தேர்வாளர்.

தலையாட்டினேன்.

"ஏன் நிக்குது?"

மேசை விளிம்பைப் பார்த்தேன். போன முறையும் இதே மாதிரி ஒரு விளிம்பு. பிளைவுட்டின் ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்து வந்திருந்தது. அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். பின்னால் மேடம் மெதுவாகச் செருமினார். பண்டாரி வாளி மேல் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

"இன்னும் ஒராளு சொல்லணும் சார்" என்றேன்.

"யாரு? என்ன சொல்லணும்?"

"பரக்கத்து."

"என்னது?"

யாரோ சிரித்த மாதிரி இருந்தது. காது சூடாகிவிட்டது. ஆனால் ஒரு சொல் வெளியே வந்துவிட்ட பிறகு அதை விளக்காமல் விடுவது அதைவிட வெட்கமாக இருந்தது. "நாங்க பிரியாணிக் கடை சார். உள்ள சமைக்கிறவருக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் போதும்னு சொல்லணும். ஒருத்தரு சொல்லாட்டியும் அவரு உக்காந்தே இருப்பாரு. அதே மாதிரி, எழுதுற முனை எங்கயாவது ஒண்ணு தொறந்து இருந்தா, வாசிக்கிறவன் இன்னும் வரும்னு உக்காந்திருப்பான்."

"சரி. எண்டு ஆஃப் ஃபைல், முடிஞ்சிருச்சுங்கற சேதி, வரல. அதான சொல்றீங்க? அப்ப யாரு சொல்லல?"

திரையைப் பார்த்தேன். வரி வரியாக, சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன். "அப்பன் மூடிட்டான் சார். மேல கொண்டாந்துட்டேன். மொதப் பிள்ளை முடிச்சுட்டுப் போயிட்டான், அவன் கையில இருந்ததும் மூடியாச்சு. அப்புறம்..." அங்கே நின்றேன். மிச்சம் இருந்தது ஒரே ஒருவன். "அவனேதான் சார். வாசிக்கிறவன் கையிலயே ஒரு எழுதுற முனை இருக்கு. ஃபோர்க் ஆகையில வந்தது."

"மூடலையா?"

"மூடியிருக்கேன் சார். எக்ஸெக்குக்கு அப்புறம்."

"எக்ஸெக்குக்கு அப்புறம் அந்த வரி ஓடுமா?"

"ஓடாது சார். அதுக்குள்ள அவன் வேற ஆளாயிருவான்."

"மாத்துங்க."

ஒரு வரியை வெட்டி மேலே ஒட்டினேன். ஓட்டினேன். ஒரு எண் வந்தது. அதற்குக் கீழே மெஷின் அடுத்த கட்டளைக்குத் தயாராக நின்றது. தன் வாயைத் தானே பிடித்துக்கொண்டு, யாரோ பேசட்டும் என்று காத்திருந்தவன் கடைசியில் எழுந்து போய்விட்டான்.

தேர்வாளர் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டார். ஒன்றுக்குச் சொன்னேன். இன்னொன்று, சிக்னல் பற்றியது, தெரியவில்லை. "தெரியல சார்" என்று சொன்னேன். அதுவும் வாயால் சொன்னதுதான். "கடை எந்தப் பக்கம்?" என்றார். பேகம்பூர் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார்.

"ஏனுங்ண்ணா, இம்புட்டுப் பேச்ச எங்கீங்க வச்சிருந்தீங்க?" என்றார் தேங்காய் மண்டிப் பெண், வெளியே வந்ததும். இம்புட்டு என்று எங்கள் ஊர்ப் பேச்சை இழுத்துச் சொன்னார். கேலிதான்.

முடிவு வரப் பல வாரங்கள் ஆயின. தேர்ச்சி. எல்லைக்கு மேலே கொஞ்சம். கடைக்குப் போய் அண்ணனிடம் போனைக் காட்டினேன். கண்ணாடி போடாமல் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாஸா?"

"பாஸுண்ணே. ஞாயித்துக்கிழமை..."

"அதுக்கு ஆளு வச்சுட்டேன்லே."

எனக்குப் புரியவில்லை.

"சேவுகம்பட்டிக்காரரு. பரோட்டாக் கடையில இருந்தவரு. வார ஞாயிறுலருந்து ஜன்னல்ல நிப்பாரு. நீ பரிச்சைக்குப் போன அன்னைக்கே சொல்லி வச்சுட்டேன்."

"நான் ஃபெயிலாயிருந்தா?"

"ஃபெயிலானா மட்டும் என்ன? ஒடம்பு இங்ஙன, புத்தி அங்ஙன. குஸ்காவுல கறிய வைக்கிற. அன்னைக்கு வீணான ஒரு கூடை அரிசியே போதும்ப்பு எனக்கு" என்று சொல்லிவிட்டு, வந்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்துவிட்டது. அதற்காகத்தான் அவ்வளவு பாடும். ஆனாலும் அன்று சாயங்காலம் ஜன்னல் பலகையைத் தேவைக்கு மேல் துடைத்துக்கொண்டே நின்றேன். நான் இல்லாமலும் ஒன்றரை மணி வியாபாரம் நடக்கும் என்பது மனதுக்குள் சரியாக உட்காரவில்லை.

புதுப் பருவத்தின் முதல் ஞாயிறு. பாடம் நெட்வொர்க். பஸ்ஸில் கூட்டம், நின்றுகொண்டுதான் போனேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது சட்டென்று தோன்றியது. சேவுகம்பட்டிக்காரருக்கு இலை மடிப்பது தெரியும், தால்சா அளவு தெரியும். பண்டாரிக்குச் சொல்ல வேண்டிய சொல்லை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் சொல்லவில்லை. போனை எடுத்து அழைத்தேன். பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.

"என்ன பாய்? சத்தமாச் சொல்லுங்க."

"கூட்டம் வடிஞ்சதும் உள்ள குரல் கொடுக்கணும்ண்ணே. பார்சல் பக்கம் பரக்கத்துன்டு."

"அப்புடின்னா?"

"அப்புடிச் சொன்னாத்தான் அவரு அடுப்ப நிறுத்துவாரு. சொல்லாட்டி உக்காந்தே இருப்பாரு. மறந்துறாதீங்க. பரக்கத்து."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டரும் பார்த்தார். போனைப் பையில் போட்டேன்.

லேபில் என் பழைய மெஷின்தான் கிடைத்தது. மேடம் போர்டில் படம் வரைந்துகொண்டிருந்தார். ஒரு கம்ப்யூட்டர், இன்னொரு கம்ப்யூட்டர், நடுவே ஒரு கோடு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சேவுகம்பட்டிக்காரர் குரல் கொடுத்திருப்பாரா என்று தெரியவில்லை.

"ஏனுங்ண்ணா" என்றார் பக்கத்தில் இருந்தவர். "மறுபடியும் ஆடுது."